எல்லை மாறும் முன் பட்டியல் கைமாறட்டும்: உள்ளூராட்சி மறுசீரமைப்பும் கொழும்பின் புற்றுநோய்ப் பரிசோதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட்டாரங்களின் எல்லை நிர்ணயம், சபை உறுப்பினர் தொகையைக் குறைத்தல், மாகாண சபைத் தேர்தல், கொழும்பையும் அயல் சபைகளையும் இணைத்து ஒரு பெருநகர நிர்வாகம் என்று பேச்சுகள் எழுவதும் அடங்குவதும் மறுபடி எழுவதுமாக இருக்கின்றன. பத்திரிகைகளில் அவை பெரும்பாலும் எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்ற கணக்காகவே வருகின்றன. குப்பையை யார் அள்ளுவது, வடிகால் யாருடையது, சோலைவரி கூடுமா என்று கேட்போரும் இருக்கிறார்கள். எல்லைக்கோடு நகரும்போது முதலில் அறுந்துபோகக்கூடிய ஒரு சேவையைப் பற்றி மட்டும் எவரும் கேட்பதில்லை. நோய் அறிகுறி எதுவும் இல்லாத பெண்களை அழைத்துச் செய்யும் புற்றுநோய்ப் பரிசோதனையைச் சொல்கிறோம்.

குப்பை எடுக்காவிட்டால் மூன்றாம் நாள் தெரு நாறும், சனம் சத்தம் போடும். பிள்ளையின் தடுப்பூசி தவறினால் தாய் கிளினிக் அட்டையோடு வந்து நிற்பாள். 35 வயதுப் பெண்ணுக்குச் செய்ய வேண்டிய கருப்பைக் கழுத்துப் பரிசோதனை தவறினால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது, அடுத்த ஆண்டும் ஒன்றும் நடக்காது. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் தொற்று நிலைத்து, கலங்களில் மாற்றம் உண்டாகி, அது புற்றுநோயாக முற்றுவதற்கு வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் வெளிநோயாளியாக வந்து செய்துகொள்ளும் சிறு சிகிச்சையோடு காரியம் முடிந்துவிடும். உயர்தர மாற்றம் என்று சொல்லும், புற்றுநோய்க்கு முந்திய கடுமையான கலமாற்றத்தைச் சிகிச்சையின்றி விட்டால் 30 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அது புற்றுநோயாகிறது. நிர்வாகம் மாறிய ஆண்டில் விடுபட்ட ஒரு பெண் மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு வந்து சேரும் காலத்தில், அந்த மாற்றத்துக்குக் கையெழுத்திட்ட எவரும் கதிரையில் இருக்கமாட்டார்கள். பொறுப்புக் கூறவும் ஆள் இருக்காது.

கொழும்பு வாசகர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். நாட்டின் பெரும்பகுதியில் எம்.ஓ.எச். ஒபிஸ் என்று நாம் சொல்லும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் பொறுப்பில் இயங்குகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு வந்த ஏற்பாடு அது. கொழும்பு மாநகரத்தின் நிலை வேறு. 1865ஆம் ஆண்டில் உருவான மாநகர சபைக்குச் சொந்தமாக ஒரு பொதுச் சுகாதாரத் திணைக்களம் உண்டு. சுகாதார வைத்திய அதிகாரிகள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், மிட்வைஃப் என்று நாம் சொல்லும், வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர்கள், தாய் சேய் கிளினிக்குகள் எல்லாம் சபையின் கீழ் வருகின்றன. குடும்ப சுகாதாரப் பணியகத்தின் புள்ளிவிபரங்களிலும் கொழும்பு மாவட்டம் ஒரு வரிசை, கொழும்பு மாநகர சபை இன்னொரு வரிசை.

அதனால் வேறெங்கும் ஓர் உள்ளூராட்சி எல்லை மாறினால் பெரும்பாலும் கிளினிக் அசையாது. கொழும்பில் சபையின் எல்லையும் அதிகாரமும் அசைந்தால் கிளினிக்கும் சேர்ந்து அசையும். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்கு வீடு மாறும் குடும்பம் ஒரு பஸ் தரிப்பிடம் தள்ளிப் போனதாகவே நினைக்கும். சுகாதார நிர்வாகத்தில் அது ஒரு திணைக்களத்திலிருந்து இன்னொரு திணைக்களத்துக்குப் போய்விட்டது. நகர அபிவிருத்தி அதிகார சபை தோட்டங்கள் என்று சொல்லும் நகரத்து நெரிசல் குடியிருப்புகளில் இருந்தவர்களைக் கொலன்னாவை சாலமுல்லைத் தொடர்மாடிகளில் குடியேற்றியபோதும் இப்படித்தான். வீட்டுச் சாவி கைக்கு வந்தது. பரிசோதனைப் பதிவு கூடவே வருவதற்கு எந்த ஏற்பாடும் இல்லை.

நகரத்துக்குள்ளும் எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கொழும்பு 1 முதல் 15 வரை தபால் இலக்கம். தேர்தலுக்கு வட்டாரம். கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகங்கள், அவற்றின் கீழ் கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கு வேறு பிரிப்பு, அதற்குள் ஒவ்வொரு குடும்பநல உத்தியோகத்தருக்கும் ஒரு பகுதி. இந்தக் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. சனத்தொகைக் கணக்கு கிராம உத்தியோகத்தர் பிரிவுவாரியாக வருகிறது, சேவையோ குடும்பநல உத்தியோகத்தர் பகுதிவாரியாக நடக்கிறது. ஒன்றை மற்றதாக மாற்ற ஒரு கைக்கணக்கு தேவை. அந்தக் கைக்கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பது பல வேளைகளில் ஒரே ஒரு மேற்பார்வை உத்தியோகத்தரின் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அதுவும் போய்விடும்.

இனி, எங்கே எப்படி அறுகிறது என்று சொல்கிறோம்.

சுவநாரி கிளினிக் என்று நம் பெண்களும் சிங்களப் பெயராலேயே அழைக்கும் பெண்கள் நலக் கிளினிக்குகள் இலங்கையில் 1996இல் தொடங்கின. இரத்த அழுத்தம், நீரிழிவு, உடல் நிறை, மார்பகப் பரிசோதனை, கருப்பைக் கழுத்துக் கலங்களை எடுத்துப் பார்க்கும் பெப் பரிசோதனை எல்லாம் அங்கே இலவசம். எந்த வயதினரும் போகலாம். ஆனால் தேடிப்பிடித்து அழைக்க வேண்டியவர்கள் அந்த ஆண்டில் 35 வயதை அடைபவர்களும் 45 வயதை அடைபவர்களும். இவர்களைத் தேடுவதற்கு அடிப்படை குடும்பநல உத்தியோகத்தரின் கையில் இருக்கும் குடும்பப் பதிவேடு.

பகுதி பிரிக்கப்படும்போது பழைய உத்தியோகத்தர் புதியவருக்குப் பக்கங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். எதை முதலில் எழுதுவார்? கர்ப்பிணித் தாய்மாரை, பிறகு கைக்குழந்தைகளை, அதன் பிறகு ஐந்து வயதுக்குட்பட்டவர்களை. அவரைக் குறைசொல்ல முடியாது, அங்கேதான் நாளைக்கே ஆபத்து வரலாம். 45 வயதில், பிள்ளைகள் பெரிய வகுப்பில் படிக்க, மிட்வைஃபைப் பார்த்துப் பத்து ஆண்டுகளான பெண்ணின் பெயர் அந்தக் கையெழுத்துப் பிரதியில் கடைசியாக வரும், அல்லது வராமலே போகும். திருமணமாகாத பெண்கள், பிள்ளையில்லாதவர்கள், கணவனை இழந்தவர்கள், வாடகை அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தை மையமாக வைத்த பதிவேட்டில் முதலிலிருந்தே மெல்லிய எழுத்தில்தான் இருக்கிறார்கள். பிரித்தெழுதும்போது அவர்கள் அழிந்துபோகிறார்கள். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, புறக்கோட்டை, வெள்ளவத்தைப் பகுதிகளில் மலையகத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வேலைக்கு வந்து அறைகளில் தங்கியிருக்கும் தமிழ்ப் பெண்கள் பலர் இந்த வகையினர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

இரண்டாவது அறுபடும் இடம் பெப் பரிசோதனையின் கண்ணாடித் தகடு, அதாவது ஸ்லைட். இது சின்ன விடயம்போலத் தெரியும், ஆகவே விரிவாகவே எழுதுகிறோம். கருப்பைக் கழுத்திலிருந்து ஸ்பெட்டியூலா என்ற தட்டையான குச்சியால் எடுத்த கலங்களைத் தகட்டில் ஒரே இழுப்பில் பூசி, சில வினாடிகளுக்குள் 95 வீத எதைல் அல்கஹோலில் போட வேண்டும். தாமதித்தால் கலங்கள் காற்றில் காய்ந்து வீங்கி, கலத்தின் உட்கருவின் உருவம் தெரியாமல் போகும். ஆய்வுகூடம் ‘போதுமானதல்ல’ என்று திருப்பி அனுப்பும். தகட்டின் சொரசொரப்பான ஓரத்தில் பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மை அல்கஹோலில் கரைந்துவிடும். எழுதுவது பெண்ணின் பெயரும் கிளினிக்கின் தொடர் இலக்கமும்.

இரண்டு கிளினிக்குகளை ஒன்றாக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டிலும் அந்த ஆண்டுக்கு 47ஆம் இலக்கம் ஒன்று இருக்கும். ஆய்வுகூடத்தில் காத்திருக்கும் தகடுகள் பழைய கிளினிக்கின் பெயரில். பதில் வந்து சேர்வது புதிய கிளினிக்குக்கு. பெயரும் ஒத்துப்போய்விட்டால், கொழும்பில் ஒரே பெயரில் எத்தனை பெண்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஒருவரின் முடிவு இன்னொருவரின் அட்டையில் ஒட்டப்படும். நோயில்லாதவர் பயந்து அலைவார், சிகிச்சை வேண்டியவர் நிம்மதியாக வீட்டில் இருப்பார். இதைத் தடுக்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பழைய கிளினிக்கின் குறியீட்டை இலக்கத்துக்கு முன்னால் அப்படியே வைத்திருக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கோரிக்கைப் படிவத்திலும் பதிவேட்டிலும் கட்டாயமாக எழுத வேண்டும். ஆண்டு நடுவில் இணைத்தாலும் தொடர் இலக்கத்தை 1இலிருந்து மறுபடி ஆரம்பிக்கக் கூடாது.

மாதிரி எடுத்த நாளுக்கும் முடிவு வரும் நாளுக்கும் இடையில் வாரக்கணக்கு, சில வேளை மாதக்கணக்கு ஓடும். ஸ்லைட் வாசிக்கும் தொழில்நுட்பவியலாளர்களும் நோயியல் நிபுணர்களும் போதாமல் இருப்பதுதான் காரணம். எனவே எந்தத் திகதியில் எல்லையை மாற்றினாலும், அன்று வழியில் இருக்கும் ஸ்லைட்டுகள் கட்டாயம் இருக்கும். அவற்றில் இயல்பானவை பெரும்பாலானவை, மிச்சம் இரண்டு வகை. ஒன்று உயர்தர மாற்றம் உள்ளவை. கருப்பைக் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் கொல்பொஸ்கொப்பிக்கு உடனே அனுப்ப வேண்டியவை என்பதால் இவற்றுக்காவது யாராவது தொலைபேசி எடுத்துப் பார்ப்பார்கள். மற்றது ‘போதுமானதல்ல, மீள எடுக்கவும்’ என்று வருபவை. எங்கள் கணிப்பில் மறுசீரமைப்புக் காலத்தில் அதிகம் தொலைந்துபோவது இவைதான். அவசரமில்லை என்று ஒரு கோப்புக்குள் போகும், கோப்பு பழைய கட்டடத்தின் அலுமாரியில் இருக்கும், பணிமனை புதிய இடத்துக்குப் போய்விடும். அந்தப் பெண் தன்னைச் சோதித்தாகிவிட்டது என்றே நம்பிக்கொண்டிருப்பாள். சோதிக்காமல் விடுவதைவிட இது மோசம்.

அடுத்தது எண்ணிக்கை. குடும்பநல உத்தியோகத்தர் ஒருவருக்கு ஏறத்தாழ 3,000 பேர் என்பது பொதுவான அளவு, கொழும்பு போன்ற நெரிசலான இடங்களில் கூடவும் இருக்கும். 3,000 பேரில் குறித்த ஓர் ஆண்டில் 35 வயதை அடையும் பெண்கள் ஏறத்தாழ 20 பேர்தான். இந்தச் சிறிய எண்ணில் ஒரு தெரு வெளியே போய் நான்கு பெண்கள் குறைந்தாலே இலக்கில் ஐந்திலொரு பங்கு மாறிவிடும். எல்லை மாறிய பிறகு பிரிக்கும் எண்ணான இலக்குப் பெண்களின் தொகை பழையதாகவும் பிரிபடும் எண்ணான பரிசோதனைக்கு வந்தோர் தொகை புதியதாகவும் இருந்தால், உண்மையில் ஒன்றும் கூடாமலே ஒரு பகுதியில் 90 வீதம் காட்டும், பக்கத்துப் பகுதியில் 40 வீதம் காட்டும். மேலிடத்தில் 90ஐப் பார்த்துப் பாராட்டுவார்கள், 40ஐப் பார்த்து விளக்கம் கேட்பார்கள். இரண்டுமே பொய்க் கணக்கு. 2012க்குப் பிறகு 2024இல்தான் நாட்டில் முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது. புதிய எண்கள் பாவனைக்கு வரும் இந்தக் காலத்தில் எல்லைகளும் சேர்ந்து மாறினால், ஏற்ற இறக்கத்துக்கு எது காரணம் என்று பிறகு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாற்றம் வரும் பகுதிகளில் குறைந்தது ஓர் ஆண்டுக்காவது பழைய எல்லைப்படியும் புதிய எல்லைப்படியும் இரண்டு கணக்கும் எழுதப்பட வேண்டும். உத்தியோகத்தர்களுக்கு அது மேலதிக எழுத்துவேலை என்பது உண்மை. ஆகவே அதற்கு ஓர் ஆளைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

பணமும் பொருளும் பற்றிச் சுருக்கமாக. ஒரு கிளினிக் நாளில் 20 பெண்களுக்குப் பரிசோதனை செய்ய உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகியூலம் கிருமிநீக்கியதாக 20 வேண்டும். எட்டு இருந்தால் எட்டுப் பேர்தான், அல்லது இடையில் ஓட்டோகிளேவ் இயந்திரத்தில் கிருமிநீக்கி முடியும்வரை மிச்சப் பேர் காத்திருக்க வேண்டும். நாட்கூலிக்குப் போகும் பெண் காத்திருக்கமாட்டாள், எழும்பிப் போய்விடுவாள். ஓட்டோகிளேவின் பராமரிப்பு ஒப்பந்தம் எந்தச் சபையின் பெயரில் இருக்கிறது, வெளிச்சம் போதாத விளக்கை மாற்றக் கொள்முதல் கட்டளையில் யார் கையெழுத்திடுவது, கட்டில் மறைப்புத் திரையைத் தோய்ப்பதற்கு எந்தச் செலவுத் தலைப்பு என்பவை எல்லை மாற்றத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் இழுபடும் கேள்விகள். சபைகளின் நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்குகிறது. அரச சேவையின் வருடாந்த இடமாற்றங்களும் வழக்கமாக அன்றுதான் அமுலுக்கு வருகின்றன. எல்லை மாற்றத்தையும் அதே நாளில் வைத்தால் பணமும் ஆளும் இடமும் ஒரே காலையில் மாறும். அப்படி வைப்பதுதான் நிர்வாகத்துக்கு வசதி என்று நினைப்பார்கள். கிளினிக்குக்கு அதைப்போலக் கெட்ட நாள் வேறில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலமும் ஒரு வகை மறுசீரமைப்புத்தான். 2018இல் தெரிவான உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. புதிய தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கொழும்பு ஆணையாளரின் நிர்வாகத்தில் இருந்தது. மேல் மாகாண சபையின் காலம் 2019 ஏப்ரலில் முடிந்தது, அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. உத்தியோகத்தர்கள் வேலையை நிறுத்திவிடவில்லை, அதை நன்றியோடு சொல்கிறோம். ஆனால் ஒரு கிளினிக் நாள் வாரத்திலிருந்து மாதத்துக்கு மாறினால் ஏன் என்று சபையில் எழுந்து கேட்க ஒருவர் இருக்க வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

மொழி விடயம் நமக்கு நேரடியானது. சுகாதாரத்தை மாகாணத்துக்குக் கொடுத்த அதே 13ஆவது திருத்தம்தான் தமிழையும் அரசகரும மொழி என்றது. கொழும்பில் ஒரு பகுதியைத் தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்து இரண்டாக வெட்டினால், தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒரு பக்கத்திலும் தமிழ் பேசும் தெருக்கள் மறுபக்கத்திலும் போய்விடலாம். பெப் பரிசோதனைக்கு ஒரு பெண்ணைச் சம்மதிக்க வைப்பது வெறும் அறிவித்தல் அல்ல. எங்கே வலிக்கும், யார் பார்ப்பார்கள், ஆண் வைத்தியரா, புருஷனிடம் சொல்ல வேண்டுமா என்று அவள் தன் மொழியில் கேட்க வேண்டும், பதிலும் அவள் மொழியில் வர வேண்டும். முடிவுக் கடிதமும் கொல்பொஸ்கொப்பிக்கான திகதிக் கடிதமும் தமிழில் இருக்க வேண்டும். மகளின் நண்பியைக் கொண்டு வாசித்துத் தெரிந்துகொள்ளும் செய்தியா இது?

மற்றச் சேவைகளிலும் இதே ஓட்டைகள் உண்டு. மார்பகப் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் வைத்தியசாலைக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புகிறார்கள். அவள் போனாளா என்பது மறுமொழித் துண்டு திரும்பி வந்தால்தான் தெரியும், அந்தத் துண்டில் அச்சடித்த முகவரி பழைய பணிமனையினதாக இருந்தால் அதுவும் வராது. 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போடப்பட்டு வருகிறது. அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு பாடசாலை வேறு எம்.ஓ.எச். பிரிவுக்கு மாறினால் இரண்டாவது ஊசி யாருடைய பட்டியலில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருக்கும் வாய்ப் புற்றுநோய்க்கு வாயைத் திறந்து பார்க்கும் நடமாடும் முகாம்கள் பெரும்பாலும் உள்ளூர் ஆட்களின் முயற்சியால்தான் கூடுகின்றன. வெற்றிலையும் பாக்கும் போடும் சந்தைத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், முச்சக்கர வண்டிச் சாரதிகள் வீட்டுப் பதிவேட்டில் அகப்படுவதில்லை. வட்டாரம் கலைந்தால் முகாமும் கலைந்துவிடும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல. இங்கிலாந்தில் 2013 ஏப்ரலில் பொதுச் சுகாதாரப் பொறுப்பை உள்ளூராட்சி சபைகளுக்கு மாற்றினார்கள். புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டங்களோ தேசிய சுகாதார சேவையிடமே நின்றன. பாலியல் நலக் கிளினிக்குகள் சபைகளின் பணத்தில் நடந்தன. அதுவரை அந்தக் கிளினிக்குகளுக்கு வரும் பெண்களுக்கு அங்கேயே கருப்பைக் கழுத்து மாதிரி எடுப்பது வழக்கம். அதற்கு இனிப் பணம் கொடுப்பது சபையா, சுகாதார சேவையா என்ற இழுபறியில் பல இடங்களில் அது நின்றுபோனது. பெண் அதே கட்டிலில் படுத்திருக்கிறாள், தாதியும் அங்கேயே நிற்கிறார், மாதிரி எடுக்கப்படவில்லை. அவ்வளவு பெரிய, கணினிமயமான அமைப்பிலேயே இப்படி நடந்தது. காகிதப் பதிவேட்டை நம்பியிருக்கும் நாங்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம், மேல் மாகாண சுகாதாரத் திணைக்களம், குடும்ப சுகாதாரப் பணியகம், தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் ஆகியவற்றிடமும் உள்ளூராட்சி அமைச்சிடமும் நாங்கள் கேட்பது இதுதான்: எந்த எல்லை மாற்றமும் வர்த்தமானியில் வருவதற்கு முன், பரிசோதனைப் பதிவுகளின் கையளிப்பு ஒரு கட்டாய நிபந்தனையாக இருக்க வேண்டும். அமுலாகும் திகதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே, மாறப்போகும் தெருக்களில் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் 35, 45 வயதை அடையும் பெண்களின் பெயர்ப் பட்டியல் தனியாக எழுதப்பட வேண்டும். முகவரியை வட்டாரப் பெயரால் எழுதாமல் சோலைவரி இலக்கத்தாலும் தெருவாலும் எழுதினால் எல்லை எத்தனை தடவை மாறினாலும் வீட்டைக் கண்டுபிடிக்கலாம். தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் ஒரே இலக்கத்தில் பல குடும்பங்கள் இருப்பதால் மாடி, கதவு இலக்கம், இரண்டு தொலைபேசி இலக்கங்கள் சேர வேண்டும். கைத்தொலைபேசி இலக்கங்கள் அடிக்கடி மாறுகின்றன, ஒன்று போதாது.

மாற்றத் திகதிக்கு முந்திய ஆறு மாதத்தில் எடுத்த எல்லா மாதிரிகளுக்கும் ஒரு நிலுவைப் பட்டியல் வேண்டும்: யாருடையது, எப்போது எடுத்தது, எந்த ஆய்வுகூடம், முடிவு வந்ததா, பெண்ணின் கைக்குச் சேர்ந்ததா. அதில் கடைசி வரி மூடப்படும்வரை பழைய சுகாதார வைத்திய அதிகாரியே பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். கூட்டுப் பொறுப்பு என்று எழுதினால் எவருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும். கிளினிக் நடக்கும் இடத்தையும் கிழமையையும் குறைந்தது ஓர் ஆண்டுக்கு மாற்றக் கூடாது. நிர்வாகம் யாருடையதானாலும் ‘செவ்வாய்க்கிழமை, அந்தக் கட்டடம்’ என்று பெண்கள் ஞாபகம் வைத்திருப்பது அதைத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2030ஆம் ஆண்டுக்கு வைத்திருக்கும் இலக்கு, 70 வீதப் பெண்கள் 35 வயதுக்குள் ஒரு தடவையும் 45 வயதுக்குள் மறுபடியும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது. அதுவும் தரமான பரிசோதனையால். களுத்துறை மாவட்டத்தில் எச்.பி.வி. மரபணுப் பரிசோதனை முன்னோடியாகச் செய்து பார்க்கப்பட்டது. அந்த முறை பரவலானால் பெண் தானே மாதிரியை எடுத்துக் கொடுக்கவும் வழி உண்டு, ஸ்லைட் காய்ந்துபோகும் தொல்லையும் இல்லை. ஆனால் அதற்கும் பட்டியல்தான் அடிப்படை, முடிவைக் கொண்டுபோய்ச் சேர்க்க முகவரியும் வேண்டும்.

உங்கள் வாசகிகளுக்கும் சில வார்த்தைகள். உங்களுக்கு 35 அல்லது 45 வயதானால், அல்லது அந்த வயது கடந்தும் ஒரு தடவையேனும் பெப் பரிசோதனை செய்யாவிட்டால், அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தெருவுக்கு எந்த மிட்வைஃப் என்று தெரியாவிட்டால் அருகிலுள்ள தாய் சேய் கிளினிக்கில் கேளுங்கள், திருமணமாகாதவர்களும் கேட்கலாம். மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். முந்திய இரண்டு நாட்கள் உட்பகுதியில் மருந்தோ கிறீமோ பாவிக்க வேண்டாம், உறவையும் தவிர்த்துக்கொள்ளுங்கள், உள்ளே கழுவவும் வேண்டாம். மாதிரி எடுத்ததும் தொடர் இலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கிளினிக் அட்டையைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். வீடு மாறினால் பழைய கிளினிக்குக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். ‘ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் ஒன்றும் இல்லை’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மாதமாகியும் முடிவு கைக்கு வராவிட்டால் இலக்கத்தோடு நேரில் போய்க் கேளுங்கள். இரத்தக்கசிவு, மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண் என்று அறிகுறி ஏதும் இருந்தால் இந்த வரிசையெல்லாம் உங்களுக்கு இல்லை, நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். நாரஹேன்பிட்டியில் உள்ள புற்றுநோய் முன்கூட்டியே கண்டறியும் நிலையம் தேசிய நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் இயங்குவதால் சபை எல்லை எதுவும் அதற்குத் தடையில்லை, அங்கேயும் போகலாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொழும்பு மாநகரத்திலும் தெஹிவளை, கொலன்னாவைப் பகுதிகளிலும் சுவநாரி கிளினிக் எந்த இடத்தில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நடக்கிறது என்ற விபரத்தைச் சுகாதாரப் பிரிவுகளிடமிருந்து பெற்று, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தமிழில் வெளியிடுங்கள். அரைப் பக்கம் போதும். இடமோ கிழமையோ மாறியிருந்தால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பொதுச் சுகாதார ஊழியர் சிலர்,
கொழும்பு 13.